பெருமீனும் தூண்டிற்கோலும்



என்னிடம் பள்ளியில் பயின்று இப்போது கல்லூரியில் படித்துவரும் மாணவர் ஒருவர் சில திங்களுக்கு முன் என் இல்லத்திற்கு வந்திருந்தார். தூண்டில் போடுவதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. குளத்துக் கெண்டையும் கெளிறும் அவருக்கு அலுத்துவிட்டன. பெரிய மீன்மேல் ஆசை பிறந்துவிட்டது. "ஐயா, பெரிய மீன் பிடிப்பதற்கு ஒரு கோலும் ரீலும் வாங்கப் போகிறேன். கடையில் உள்ளவற்றுள் மிக வலிமையானது எது என்று சொல்லுங்கள்" என்று கேட்டார். நான் உடனே விடை கூறவில்லை. 1987ஆம் ஆண்டில், இதே வினாவை மனத்தில் வைத்துக்கொண்டு நானும் ஒருநாள் கடலுக்குச் சென்றிருக்கிறேன். அன்று எனக்கு நேர்ந்ததை அவருக்குச் சொன்னேன். அதையே இன்று உங்களுக்கும் சொல்லலாம் என்று எண்ணுகிறேன்.

அப்போது நான் மன்னார் வளைகுடாக் கரையில், தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் ஊர்ப் பள்ளியில் இளம் ஆசிரியனாக இருந்தேன். கப்பலில் வேலை பார்த்த என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து ஒரு கண்ணாடி இழைக் கோலும், அதற்கேற்ற சிறு ரீலும் வாங்கி வந்து கொடுத்திருந்தார். ரீல் என்பது வேறொன்றுமன்று. நூல் சுற்றிய ஓர் உருளை, அதைச் சுழற்ற ஒரு கைப்பிடி, மீன் இழுத்தால் நூலை அளவோடு விட்டுக் கொடுக்க ஒரு தடை, இவை மூன்றும் சேர்ந்த கருவி. நம் பாட்டிமார் நூற்ற இராட்டைக்கு ஒருவகையில் தம்பி என்று சொல்லலாம். அதன் பளபளப்பைக் கண்டு, இனிக் கடலில் எந்த மீனும் எனக்குத் தப்பாது என்று நான் நம்பினேன்.

என் மாணவன் ஒருவனுடைய பாட்டனார் வள்ளம் வைத்திருந்தார். ஊரார் வழக்கப்படி நானும் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன். ஒரு சனிக்கிழமை வைகறையில் அவருடன் கடலுக்குச் சென்றேன். அவர் அமரத்தில் அமர்ந்து, ஓடும் வள்ளத்தின் பின்னே ஒரு தூண்டிலை இழுத்து வந்தார். அவர் கையில் கோலும் இல்லை, ரீலும் இல்லை. பருத்த தங்கூசி நரம்பு ஒரு மரக்கட்டையில் சுற்றியிருந்தது. விரல்களில் மட்டும் மிதிவண்டி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையங்களை அணிந்திருந்தார். நான் அணியத்தில் நின்று என் கருவியின் பெருமையை அவருக்கு விளக்கிக்கொண்டே தூண்டிலை வீசினேன்.

ஏழு மணி இருக்கும். என் கோல் திடீரென்று வளைந்தது. ரீல் அலறத் தொடங்கியது. நூல் ஓடிற்று, ஓடிற்று, நின்றபாடில்லை. உருளையில் பாதி நூல் போய்விட்டது; பிறகு முக்கால் பங்கும் போய்விட்டது. இன்னும் சிறிது நேரத்தில் உருளையின் வெற்று அடி தெரிந்துவிடும் என்று கண்டதும் எனக்கு அச்சம் பிடித்தது. தடையை இறுக்கினேன். "வாத்தியாரையா, இறுக்காதீங்க, விடுங்க" என்று அண்ணாச்சி பின்னாலிருந்து கூவினார். விட்டால் நூல் முழுவதும் போய்விடுமே என்று மேலும் ஒரு சுற்று இறுக்கினேன். துப்பாக்கி வெடித்தாற்போல ஓர் ஓசை கேட்டது. கோல் நிமிர்ந்தது. நூல் காற்றில் சுருண்டு என் முகத்தில் விழுந்தது.

"பாரை. பதினைந்து கிலோவுக்குக் குறையாது" என்றார் அண்ணாச்சி. மீனை நான் கண்ணால் காணவேயில்லை; அது ஓடிய விதத்தைக் கொண்டே அவர் சொன்னார். அதே காலையில் அவர் வெறுங்கையால் இரண்டு வஞ்சிர மீன்களைப் பிடித்தார். அவற்றை எங்கள் பக்கத்தில் சீலா என்பார்கள். மீன் ஓடும்போது நரம்பை ரப்பர் வளையத்தின்மேல் வழுக்க விடுவார். மீன் களைத்து நிற்கும்போது இழுப்பார். அவருடைய விரல்களே அவருக்கு ரீலாகவும் தடையாகவும் இருந்தன. என் பள்ளிப் படிப்பும் ஆசிரியப் பயிற்சியும் அன்று அந்த இரண்டு ரப்பர் வளையங்களுக்கு முன் நிற்கவில்லை.

திங்கட்கிழமை மாலை, பள்ளி விட்ட பின், ரீலை அறிவியல் கூடத்திற்கு எடுத்துச் சென்றேன். சுருள்வில் தராசு ஒன்றை நூலின் நுனியில் கட்டி, தடை வழுக்கத் தொடங்கும்வரை இழுத்துப் பார்த்தேன். உருளை நிறைய நூல் இருக்கும்போது தராசு 3 கிலோ காட்டிற்று. தடையைத் தொடாமல், நூலை ஏறக்குறைய முழுவதும் உருவிவிட்டு மீண்டும் இழுத்தேன். இப்போது 5 கிலோ காட்டிற்று. பிறகு அன்று செய்தது போலவே இரண்டு சுற்று இறுக்கினேன். தராசு 8 கிலோவைத் தாண்டியது. என் நூல் 10 கிலோ தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. ஆனால் முடிச்சு போட்ட இடத்தில் அந்த வலிமை குறையும். நூற்றைம்பது மீட்டர் நூல் நீருக்குள் கிழித்துக்கொண்டு ஓடும்போது நீரும் அதைப் பற்றி இழுக்கும். மீன் தன் வலிமையால் மட்டும் நூலை அறுத்துக்கொண்டு போகவில்லை. அறுபடும் எல்லைவரை நானே நூலைக் கொண்டுபோய் விட்டிருக்கிறேன்.

தடையைத் தொடாமலே 3 கிலோ எவ்வாறு 5 கிலோ ஆயிற்று? உயர்நிலைப் பள்ளி மாணவர் எவரும் இதற்கு விடை கூறலாம். தடை உருளையின் அச்சில் வேலை செய்கிறது. அச்சைத் திருப்புவதற்கு வேண்டிய திருப்புவிசை எப்போதும் ஒன்றே. ஆனால் மீன் இழுப்பதோ நூற்சுற்றின் விளிம்பை. நூல் நிறைந்திருக்கும்போது அந்த விளிம்பு அச்சிலிருந்து 2½ சென்டிமீட்டர் தொலைவில் இருந்தது. நூல் தீரும் தறுவாயில் 1½ சென்டிமீட்டராகச் சுருங்கிற்று. ஆரம் குறையக் குறைய அதே தடையை அசைக்க மிகுந்த இழுவிசை வேண்டும். கிணற்று இராட்டினம் சிறியதானால் வாளி கனப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே மீன் நெடுந்தொலைவு ஓடிவிட்டால், தடையை இறுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும். மனித இயல்போ இதற்கு நேர்மாறாக நம்மைத் தூண்டுகிறது.

கோலைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டேன். கோல் ஒரு நெம்புகோல். அதன் அடி நம் இடுப்பில் ஊன்றியிருக்கிறது. அதுவே ஆதாரப் புள்ளி. முன்கை அங்கிருந்து அரை மீட்டர் தள்ளிப் பிடித்திருக்கிறது. நுனி 2 மீட்டர் தொலைவில் உள்ளது. நுனியில் மீன் 4 கிலோ விசையோடு செங்குத்தாக இழுத்தால், என் முன்கை 16 கிலோ தாங்க வேண்டும். கோல் 3 மீட்டர் நீளமானால் அதே மீனுக்கு 24 கிலோ தாங்க வேண்டும். நெம்புகோல் எப்போதும் நமக்கே உதவும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்த நான், இங்கே அது மீனுக்கு உதவுவதைக் கண்டு சிரித்துக்கொண்டேன். கோல் வளைந்தால் நுனி நம்மை நோக்கி நெருங்குகிறது, நெம்புகோலின் கை குறுகுகிறது, பளு குறைகிறது. வளையும் கோல் மெலிந்த கோல் என்று எண்ணலாகாது. வளைவதே அதன் தொழில்.

பெருமீன் பிடிக்கும் கருவியின் வரலாறே இந்த விட்டுக்கொடுத்தலைக் கற்ற வரலாறுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கேட்டலினா என்றொரு தீவு உண்டு. அங்கே 1898ஆம் ஆண்டில் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 83 கிலோ எடையுள்ள சூரை மீன் ஒன்றைக் கோலும் ரீலும் கொண்டு பிடித்தார். அதே ஆண்டில் அங்கே ஒரு சூரை மீன் கழகமும் தோன்றிற்று. அக்காலத்து ரீலில் கைப்பிடி உருளையோடு நேரே பிணைக்கப்பட்டிருந்தது. மீன் ஓடினால் கைப்பிடியும் பின்னோக்கி வெறிகொண்டு சுழலும். விரல் அகப்பட்டால் எலும்பு முறியும். உருளையின்மேல் ஒரு தோல் துண்டைப் பெருவிரலால் அழுத்துவதைத் தவிர வேறு தடை இல்லை. எங்கள் அண்ணாச்சியின் ரப்பர் வளையமும் அந்தத் தோல் துண்டும் ஒரே கருத்தில் பிறந்தவை.

வில்லியம் போஷன் என்னும் தூண்டிற்காரர் இதற்கு ஒரு வழி கண்டார். கைப்பிடிக்கும் உருளைக்கும் இடையே சில வட்டத் தகடுகளை வைத்து, அவை ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உராயுமாறு செய்தால், மீன் ஓடும்போது உருளை மட்டும் வழுக்கிச் சுழலும். கைப்பிடி அசையாது நிற்கும் என்பது அவர் எண்ணம். புரூக்ளினில் ரீல் செய்துவந்த ஜூலியஸ் வாம் ஹோஃப் அதனைச் செய்து கொடுத்தார். கைப்பிடியின் அடியில் விண்மீன் வடிவில் ஒரு திருகு. அதைத் திருப்பினால் தகடுகள் இறுகும் அல்லது தளரும். 1913ஆம் ஆண்டில் அந்த ரீலைக் கொண்டு போஷன் வாள்மீன் ஒன்றைப் பிடித்தார். அதற்கு முன் கோலும் ரீலும் கொண்டு வாள்மீனை வென்றவர் இல்லை. இன்றும் கடைகளில் விற்கும் பெரிய ரீல்களிற் பலவற்றில் அதே விண்மீன் திருகைக் காணலாம். வேறு சிலவற்றில் அதற்கு மாற்றாக ஒரு நெம்பு இருக்கும். அதை முன்பின்னாகத் தள்ளித் தடையைக் கூட்டலாம், குறைக்கலாம். முன்னரே அளந்து வைத்த இடத்திற்கு நொடியில் கொண்டுவர முடியும் என்பதால், படகின் பின்னே தூண்டில் இழுப்பவர்கள் பெரும்பாலும் நெம்புடையதையே விரும்புகிறார்கள்.

இனி, கோலையும் ரீலையும் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் நீங்கள் தூண்டிலை வீசப் போகிறீர்களா, அல்லது ஓடும் படகின் பின்னே இழுத்துச் செல்லப் போகிறீர்களா என்பதை முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது முறையை ஆங்கிலேயர் 'டிரோலிங்' என்பர். ஒன்றுக்கு வாங்கிய கருவியை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாம் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். தேர் இழுக்கும் வடத்தால் ஊஞ்சலும் கட்டலாம். ஆனால் எவரும் விரும்பிக் கட்டுவதில்லை.

வீசுவதற்குரிய கோல் நீளமாக இருக்க வேண்டும். வீசும்போது நம் கை சிறிதளவே நகர்கிறது. நீண்ட கோலின் நுனியோ பெருவேகத்தில் பாய்கிறது. இரையின் வேகமும் தொலைவும் அந்த நுனியைப் பொறுத்தவை. படகிலிருந்து வீச 2 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட கோல் போதும். கடற்கரை மணலில் நின்று அலைகளுக்கு அப்பால் வீச வேண்டுமானால் 3 முதல் 4 மீட்டர் வரை வேண்டும். நூலை அலையின் முகட்டுக்குமேல் தூக்கிப் பிடிக்கவும் அந்நீளம் உதவும். சற்றுமுன் நான் கூறிய நெம்புகோல் கணக்கை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. வீசும்போது பெற்ற நன்மைக்கு, மீன் சிக்கிய பின் நம் முன்கை விலை கொடுக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கோலிலும் அது எத்தனை கிராம் எடையை வீசுவதற்கு ஏற்றது என்று குறித்திருப்பார்கள். வாங்குவோர் பலர் அதைப் பார்ப்பதேயில்லை. அந்த எடையைவிடக் கனமான இரையை முழு விசையோடு வீசினால் கோல் முறியக்கூடும். மிக இலேசானதை வீசினால் கோல் வளையாது, இரையும் தொலைவு செல்லாது.

வீசுவதற்கு இருவகை ரீல்கள் உண்டு. 1820ஆம் ஆண்டையொட்டி, கென்டக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் என்னும் கடிகாரத் தொழிலாளி, கைப்பிடி ஒருமுறை சுழன்றால் உருளை பலமுறை சுழலுமாறு பற்சக்கரங்களை அமைத்தார். இது பெருக்கு ரீல் எனப்படும். வீசும்போது இதன் உருளையே சுழன்று நூலை விடுகிறது. இரை நீரில் விழுந்து நின்ற பின்னும் உருளை நிற்காமல் சுழன்றால் நூல் குருவிக்கூடு போலச் சிக்கிவிடும். பெருவிரலால் மெல்ல அழுத்தி அதை அடக்கப் பழக வேண்டும். இதற்குச் சில வாரப் பயிற்சியும், வீட்டார் நகைப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனமும் வேண்டும். மற்றொரு வகையை 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இல்லிங்வொர்த் என்னும் கம்பளி ஆலை உரிமையாளர் காப்புரிமை பெற்றுச் செய்தார். ஆலையில் கதிரின் நுனி வழியே நூல் தானாக உருவி வருவதைக் கண்டு, உருளையைக் கோலுக்கு இணையாகத் திருப்பி வைத்தார். வீசும்போது உருளை அசைவதில்லை. நூல் அதன் விளிம்பைத் தாண்டி வளையம் வளையமாக வெளியேறுகிறது. இது நிலை உருளை ரீல். மாணவர்கள் தொடங்குவதற்கு இதுவே எளிது. என் மைத்துனர் வாங்கி வந்ததும் இவ்வகையே. குற்றம் அதனுடையதன்று.

வீசிப் பிடிக்கும் பெருமீனுக்கு நம் நாட்டிலேயே புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அதுவே காவிரியின் மகசீர். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்பவர் 1873ஆம் ஆண்டில் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இம்மீனுக்கே முதலிடம் தந்தார். 1946ஆம் ஆண்டில், காவிரியின் துணையாறாகிய கபினியில், மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் 120 பவுண்டு எடையுள்ள மகசீரைப் பிடித்தார். கேழ்வரகு மாவைக் களியாகக் கிண்டி உருட்டிய உருண்டையே காவிரியில் பலர் இதற்கு இட்ட இரை. முள்ளில் அகப்பட்டதும் இம்மீன் ஒரே மூச்சில் நீரோட்டத்தின் வழியே கீழ்நோக்கி ஓடும். ஆற்றின் விசையும் மீனின் விசையும் ஒன்றுசேரும். பாறைகள் நூலை உரசும். ஆதலால் இதற்கு 200 மீட்டருக்குக் குறையாமல் நூல் கொள்ளும் ரீலும், உராய்வைத் தாங்கும் பருத்த நூலும் வேண்டும்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். இன்று காவிரியின் கூன்முதுகு மகசீர் அழிவின் விளிம்பில் நிற்கிறது. நூறாண்டுகளுக்கு மேலாக உலகமெங்கும் பேசப்பட்ட இந்த மீன் எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதையே 2018ஆம் ஆண்டில்தான் ஆராய்ச்சியாளர் உறுதி செய்தார்கள். அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் அது 'மிக அருகிய இனம்' என்று இடம்பெற்றது. காட்டுக்குள் ஓடும் ஆற்றில் உரிய இசைவின்றித் தூண்டில் இடுவது சட்டப்படி குற்றம். இசைவு பெற்ற நீர்நிலைகளிலும், பிடித்த பெரிய மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுவதே இன்று நல்ல தூண்டிற்காரர்களின் வழக்கம். இங்கேதான் கருவியின் தேர்வு மீனுக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது. மெல்லிய கோலையும் நூலையும் கொண்டு பெரிய மீனை இரண்டு மணி நேரம் களைக்க வைப்பதைச் சிலர் திறமை என்று எண்ணுகிறார்கள். அவ்வளவு நேரம் போராடிய மீனின் தசைகளில் லாக்டிக் அமிலம் தேங்கிவிடுகிறது. கோடையில் வெதுவெதுப்பான நீரில் உயிர்வளியும் குறைவு. விட்டபின் மெல்ல நீந்திச் செல்லும் மீன், நம் கண்ணுக்கு மறைந்தபின் சாகக்கூடும். அதை விட்டவருக்குத் தாம் கொன்றது தெரியவே தெரியாது. ஆகவே மீனை விரைவில் கரைக்குக் கொணரத்தக்க வலுவுடைய கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் என் பழைய மாணவர் வலிமையைக் கேட்டது பிழையன்று; வலிமையை எங்கே வைப்பது என்பதில்தான் தெளிவு வேண்டும்.

படகின் பின்னே இழுப்பதற்குரிய கருவி வேறு இயல்புடையது. இங்கே வீசுதல் என்பதே இல்லை. படகே இரையைக் கொண்டு செல்கிறது. ஆகையால் கோல் குட்டையாக, 1½ மீட்டருக்கும் 2 மீட்டருக்கும் இடைப்பட்டதாக இருந்தால் போதும். கனத்த கோல்களில் நூல் செல்லும் வளையங்களுக்கு மாற்றாகச் சிறு உருள்கள் அமைத்திருப்பார்கள். பெரும் பளுவில் நூல் தேயாமல் இருப்பதற்காக. கோலின் அடி, இடுப்பில் கட்டும் கச்சையிலுள்ள குழியிலோ, படகில் பொருத்திய நாற்காலியின் குழியிலோ ஊன்றி நிற்கும். ரீலை ஒரு வாரினால் நம் முதுகோடும் இடுப்போடும் பிணைத்துக்கொள்வர். இவையெல்லாம் ஆடம்பரம் அல்ல. 24 கிலோ தாங்கும் நூலுக்கு 8 கிலோ தடை வைப்பதாகக் கொள்வோம். ஒரு வாளி நிறைய நீர் ஏறத்தாழ அவ்வளவு கனம். அந்த வாளியை 1.7 மீட்டர் கோலின் நுனியில் தொங்கவிட்டு நெம்புகோல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன்கைமேல் 27 கிலோ வந்து நிற்கும். ஒரு மணி நேரம் கை அதைத் தாங்காது. முதுகும் காலும்தான் தாங்கும்.

நூல் தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் தடையாக வைக்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் கண்ட அளவு. மீதமுள்ளதை வீண் என்று எண்ணாதீர்கள். சற்று முன் கண்ட ஆரக் கணக்கும், நீரின் இழுப்பும், முடிச்சின் தளர்வும் அந்த மீதத்தைத்தான் தின்கின்றன. ஓடும் படகின் வேகமும் மீன் கவ்வும் கணத்தில் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

ரீலின் பற்சக்கர விகிதத்தையும் பார்க்க வேண்டும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு உருளை ஆறு சுற்று சுழன்றால் நூல் விரைவாக வரும். ஆனால் கனத்த மீனை அசைக்க இயலாது. மிதிவண்டியில் மேட்டில் ஏறும்போது எந்தப் பல்சக்கரத்தைப் போடுவீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆழ்கடல் பெருமீனுக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு அல்லது மூன்று சுற்று சுழலும் ரீலே ஏற்றது. இப்போது இரண்டு வேகங்களையும் ஒன்றில் அமைத்துத் தருகிறார்கள். விலைதான் கேட்கும்போது நெஞ்சை அடைக்கும்.

இவ்வளவையும் கூட்டி அமைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஒரு சான்று. 1953ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள், தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவுக்கு அப்பால், ஆல்ஃபிரட் கிளாசல் என்பவர் 1,560 பவுண்டு, அதாவது 707 கிலோவுக்கு மேற்பட்ட கருங்கொப்பரன் மீனைப் பிடித்தார். நம் கடலில் கிடைக்கும் கொப்பரனுக்கு அது உறவு. அவர் நூலோ 60 கிலோ வகுப்பைச் சேர்ந்தது. மீனின் எடை நூலின் வலிமையைப்போல் ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு. போராட்டம் நீடித்தது 1 மணி 45 நிமிடமே. நூலைவிட மீன் கனமாக இருப்பதில் வியப்பில்லை. விட்டுக் கொடுக்கத் தெரிந்தால் நூல் பிழைக்கும்.

வாங்கும்போது கையிருப்பை எவ்வாறு பங்கிடுவது? மாணவர்களின் பணப்பை எனக்குத் தெரியாததன்று. கோலில் சிக்கனம் செய்யுங்கள், ரீலில் செய்யாதீர்கள். முற்காலத்தில் மூங்கிலைக் கீற்றுகளாக்கி ஒட்டிய கோல்கள் இருந்தன, அவை விலையுயர்ந்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கண்ணாடி இழையும், 1970களில் கரி இழையும் வந்தன. கரி இழை இலேசானது, வீசுவதற்கு இனியது; ஆனால் படகின் விளிம்பில் ஒருமுறை பலமாக மோதினாலும் உட்புறம் விரிசல் கண்டு பின்னொருநாள் முறியும். கண்ணாடி இழை கனமானது, அடி பொறுக்கும், விலையும் குறைவு. படகில் இழுப்பதற்கு அதுவே போதும் என்பது என் கருத்து. கோலின் வளையங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பஞ்சுத் துணுக்கை நுழைத்து இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. நூல் அங்கேதான் அறுபடும்.

ரீலைத் தேர்ந்தெடுக்கச் சுருள்வில் தராசு ஒன்றை உடன் கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் வியப்போடு பார்ப்பார், பார்க்கட்டும். நூலைத் தராசில் கட்டி மெல்ல இழுங்கள். ஓய்வு உராய்வு இயக்க உராய்வைவிட மிகுதி என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். மட்டமான ரீலில் இந்த வேறுபாடு பெரிதாக இருக்கும். தடை அசையத் தொடங்க 5 கிலோ கேட்கும். அசைந்ததும் 3 கிலோவுக்கு விழும். நின்றால் மறுபடியும் 5 கேட்கும். தராசின் முள் துள்ளும். மீன் ஒவ்வொரு முறை நின்று ஓடும்போதும் உங்கள் நூல் அந்தத் துள்ளலைத் தாங்க வேண்டும். முள் துள்ளாமல் ஒரே இடத்தில் நிற்கும் ரீலை, அழகில்லாவிட்டாலும் வாங்குங்கள். வீடு திரும்பியதும் உப்பை நன்னீரால் மென்மையாகக் கழுவி, தடையை முற்றிலும் தளர்த்தி வையுங்கள். இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை முள் துள்ளும்.

1988ஆம் ஆண்டு பங்குனியில் அண்ணாச்சியோடு மறுமுறை கடலுக்குச் சென்றேன். கோல் பழைய கோல்தான். ரீல் மட்டும் புதிது. மூன்று மாதச் சேமிப்பு அதற்குள் இருந்தது. நூலுக்கு அளந்த தடை, நான்கில் ஒரு பங்கு. பகல் பத்து மணிக்கு ஒரு பாரை கவ்வியது. நூல் ஓடிற்று. பாதி உருளை தீர்ந்ததும் என் விரல் தானாகவே திருகின்மேல் சென்றது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருகை இடப்புறம், அரைச் சுற்றுத் தளர்த்தினேன். மீன் இன்னும் நாற்பது மீட்டர் ஓடி நின்றது. வள்ளத்தின் பக்கம் கொண்டுவர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. கரையில் நிறுத்தபோது 12 கிலோ இருந்தது.

"இதை ஒருமுறை பிடித்துப் பாருங்கள், அண்ணாச்சி" என்று கோலை நீட்டினேன். அவர் வாங்கி, ரீலைச் சற்றே சுழற்றி, அதன் ஓசையைக் கேட்டார். பிறகு என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, விரல்களில் ரப்பர் வளையங்களை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்.